பாரிஸில் என்ன சாப்பிடலாம் என்று கேட்ட தம்பிக்கு

போன மாதம் பாரிஸுக்கு வந்து இறங்கிய தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "உலகத்துச் சாப்பாடு எல்லாம் இங்கே கிடைக்கிறது. உங்களுக்குப் பிடித்தது எது? அறை வாடகை, மொழி வகுப்பு எல்லாம் எப்படி?"

வாடகையும் வகுப்பும், தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பல் பகுதியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சாப்பாட்டை நான் சொல்கிறேன்.

எனக்கு முதலாவது கூஸ்கூஸ்தான். 1962 வரை அல்ஜீரியா பிரான்சின் பிடியில் இருந்தது. அங்கிருந்து வேலை தேடி வந்தவர்களோடு சேர்ந்து வந்த சாப்பாடு, இன்றைக்குப் பிரெஞ்சுக்காரரே ஆசையாகச் சாப்பிடுகிற ஒன்று. கோதுமை ரவையைத் தண்ணீர் தெளித்து, எண்ணெய் விட்டுக் கையால் உதிர்த்து, இறைச்சியும் மரக்கறியும் கொதிக்கிற பானைக்கு மேலேயே வைத்து அவிப்பார்கள். எடுத்து உதிர்த்துத் திரும்பவும் அவிப்பார்கள். புட்டு அவித்த கைக்கு உடனே பிடிபடும் வேலை. கொண்டைக்கடலை, கரட், ஆட்டிறைச்சி, உறைப்புக்கு ஹரிசா என்ற மிளகாய் விழுது. பல கடைகளில் ரவையும் சாறும் கேட்டால் மறுபடியும் போடுவார்கள். குளிர்காலத்தில் வேலை முடித்து வருகிறவனுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

அடுத்தது வியட்நாம்காரரின் நூடில்ஸ் சூப்பான ஃபோ. 1975இல் சைகோன் விழுந்த பிறகு அகதிகளாக வந்த பலர் பதின்மூன்றாம் வட்டாரத்தில் குடியேறினார்கள். அங்கே அவெனியூ து சுவாசி என்ற தெருப் பக்கம் போய்ப் பாரும். சுட்ட இஞ்சி, வெங்காயம், கறுவா போட்டு மணிக்கணக்காகக் கொதித்த எலும்புச் சாறு, அரிசி நூடில்ஸ், மேலே பச்சை இலைகள். ஆனால் மாடு சாப்பிடாதவர் என்றால் கவனம். வெறும் ஃபோ என்றால் அநேகமாக மாட்டுச் சாறுதான். "ஃபோ கா" என்று கேளும், அது கோழி.

இப்படிக் கவனிக்க வேண்டியவை இன்னும் உண்டு. வெள்ளிக்கிழமை மரக்கறி மட்டும் என்று இருப்பவர் கீஷ் லொரேன் என்ற முட்டைப் பையைத் தொடவேண்டாம், உள்ளே பன்றி இறைச்சி. மாட்டிறைச்சியோ கோழியோ, பல பிரெஞ்சுக் கறிகளில் வைன் ஊற்றித்தான் சமைப்பார்கள். கூரை போட்ட சட்டிப் படம் மெனுவில் இருந்தால் அந்தச் சாப்பாட்டை அங்கேயே சமைக்கிறார்கள் என்று அர்த்தம். ஆனால் ஈபிள் கோபுரத்தடியில் சாப்பாட்டை ஃபோட்டோ போட்டு விற்கிற கடைகளுக்குக் காசு கொடுக்காதீர். குடிக்க "கராஃப் தோ" கேளும், குழாய்த் தண்ணீர் இலவசம்.

எனக்கு மனவருத்தம் எங்கள் இலங்கைத் தமிழ் ஆட்களைப் பற்றித்தான். முப்பது வருடம் இங்கே இருந்தும் சிலர் சோறு கறியைத் தாண்டியதில்லை. "வெள்ளைக்காரன் சாப்பாட்டில் உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை" என்பார்கள். அவர்களே பகல் முழுக்கப் பிரெஞ்சுக் குசினியில் நின்று அதைச் சமைக்கிறார்கள்! இந்த நகரத்தின் எத்தனை அடுப்புகள் எங்கள் பொடியன்களின் கையில் எரிகின்றன என்பதை நினைத்தாலே எனக்குப் பெருமை. 2023இல் பாரிஸின் சிறந்த பாகெத் (நீளப் பாண்) போட்டியில் வென்ற தர்ஷன் செல்வராஜா எங்கள் ஆள். ஒரு வருடம் ஜனாதிபதி மாளிகைக்கே பாண் கொடுக்கும் உரிமை அந்தப் பரிசோடு வருகிறது. பாண் வாங்கினால் "த்ரடிஸ்யோன்" என்று கேட்டு வாங்கும். மாவைக் குளிரில் உறையவைக்கக் கூடாது, கலப்பு மருந்துகள் சேர்க்கக் கூடாது என்று 1993இல் அதற்குச் சட்டமே போட்டார்கள்.

நான் வந்தபோது நிலவறைக் குசினி ஒன்றில் கோப்பை கழுவினேன். உடைந்த கோப்பைக்கெல்லாம் முதலாளி சம்பளத்தில் பிடித்தார். பகலுக்கு மிஞ்சிய பாண்தான். கபிலியாப் பக்கத்து அல்ஜீரியச் சமையல்காரர் ஒருவர் இருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்குப் பிரெஞ்சு தெரியாது. வீட்டிலிருந்து கூஸ்கூஸ் கொண்டுவந்தால் ஒரு கோப்பையை மூடி எனக்கென்று எடுத்துவைப்பார். பிறகு ரவை உதிர்க்கவும் அவர்தான் காட்டித் தந்தார். சுடுதண்ணீர் ஊற்றினால் ஐந்து நிமிடத்தில் ஆயத்தமாகும் பெட்டி ரவையைக் கண்டால் அவருக்குக் கோபம் வரும். எனக்கும் இப்போது வருகிறது.

சரி, நீர் சமைத்துப் பார்ப்பதென்றால் பெல்வில் சந்தைக்குப் போம். செவ்வாய், வெள்ளி காலையில் கூடும். முடியப்போகிற நேரம் போனால் மரக்கறியை மலிவாகவே தருவார்கள்.