‘யஉ’ என்பது யாருடைய பெயர்? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

பாகூரிலிருந்து எழுதுகிறேன். வேலை பண்ருட்டியில். கடலூர், நெல்லிக்குப்பம் வழியாக இருசக்கர வண்டியில் போய்வருகிறேன். சாலையை அகலப்படுத்தும் இடங்களில் புளியமரங்களோடு பழைய கற்களும் காணாமல் போகின்றன. அதைப் பார்த்துப் பார்த்து, சில மாதங்களாகக் கற்களைப் படம் எடுத்து வைக்கத் தொடங்கியிருக்கிறேன். இரண்டு கற்களைப் பற்றி உங்களிடம் கேட்க வேண்டும்.

முதல் கல், மேல்பட்டாம்பாக்கம் தாண்டிப் பண்ருட்டி போகும் வழியில் இருக்கிறது. தலை வளைந்த கருங்கல். முழங்கால் உயரம்கூட இல்லை. மேலே ஒரு பெருக்கல் குறி, அதையடுத்து இரண்டு நேர்க்கோடுகள். கீழே ‘யஉ’ என்று இரண்டு தமிழ் எழுத்துகள். அந்த நிலத்தின் பழைய சொந்தக்காரருடைய பெயரின் முதலெழுத்துகள் அவை என்கிறார் பக்கத்துக் கடைக்காரர். ஆடி மாதத்தில் அந்தக் கல்லுக்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைக்கிறார்கள்.

இரண்டாவது கல் எங்கள் ஊர்ப் பக்கம், புதுவை எல்லை முடிந்து தமிழ்நாடு தொடங்கும் இடத்தில், வரப்போரம் இருக்கிறது. சதுரமான குட்டைக் கல். எழுத்து எதுவும் இல்லை, உச்சியில் ஒரு கூட்டல் குறி மட்டும். பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் சேர்ந்து நட்ட எல்லைக்கல் இது என்று நம்புகிறேன். பொக்லைன் வருவதற்குள் இரண்டையும் எடுத்துவந்து பத்திரப்படுத்தலாமா?

அன்புடன்,
ஒரு வாசகர், பாகூர்

அன்புள்ள நண்பருக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். எடுக்காதீர்கள். இரண்டையுமே எடுக்காதீர்கள். காரணத்தைப் போகப்போகச் சொல்கிறேன்.

‘யஉ’ யாருடைய பெயரும் இல்லை. அது பன்னிரண்டு. தமிழ் எண்களை இன்று பஞ்சாங்கத்திலும் பழைய பத்திரங்களிலும்தான் பார்க்கிறோம். அதனால் கல்லில் கண்டால் எழுத்தாகவே தெரிகிறது. ஒன்று ‘க’ போல, இரண்டு ‘உ’ போல, மூன்று ‘ங’ போல, நான்கு ‘ச’ போல, ஐந்து ‘ரு’ போல, ஏழு ‘எ’ போல, எட்டு ‘அ’ போல இருக்கும். பத்துக்குத் தனிக்குறி உண்டு, அது ‘ய’ போல இருக்கும். பழைய முறையில் சுழியம் கிடையாது. பத்தின் குறியை எழுதிப் பக்கத்தில் இரண்டை எழுதினால் பன்னிரண்டு: ௰௨. பத்துக் குறிக்கு முன்னால் இரண்டை எழுதினால் இருபது: ௨௰. நாளைக்கே ‘உயரு’ என்று ஒரு கல்லைக் கண்டு ஏதோ உயரத்தைப் பற்றிய அரைகுறைச் சொல் என்று நினைத்துவிடாதீர்கள், அது இருபத்தைந்து. உங்கள் கல்லின் மேலே உள்ள பெருக்கல் குறியும் இரண்டு கோடுகளும் அதே பன்னிரண்டின் ரோமன் வடிவம். வெள்ளைக்கார அதிகாரிக்கு ஒன்று, வண்டிக்காரருக்கு ஒன்று.

ஆக, அது மைல்கல். எங்கிருந்து பன்னிரண்டு மைல்? ஒரு மைல் 1.609 கிலோமீட்டர். பன்னிரண்டு மைல் ஏறத்தாழ 19.3 கிலோமீட்டர். நீங்கள் சொல்லும் இடத்துக்குக் கடலூரிலிருந்து கணக்குப் பொருந்தி வருகிறது. ஆனால் கடலூரில் எங்கிருந்து? இதுதான் எனக்குச் சுவையான கேள்வி. துறைமுகமும் பழைய வணிகமும் முதுநகரில். கலெக்டர் ஆட்சி நடத்தியது மஞ்சக்குப்பத்தில். இரண்டுக்கும் இடையே சில கிலோமீட்டர் வித்தியாசம் இருக்கிறது. கல்லிலிருந்து பின்னோக்கி அளந்துபோனால் சுழியம் எங்கே விழுகிறது என்று தெரியும். அளந்தவர்கள் எதை ஊரின் நடுவாக நினைத்தார்கள் என்பது அதிலிருந்து வெளிப்படும். இப்போது புரிகிறதா, ஏன் எடுக்கக் கூடாது என்று? மைல்கல்லில் பாதிச் செய்திதான் பொறித்திருக்கிறது. மீதிப் பாதி அது நிற்கும் இடம். உங்கள் வீட்டு முற்றத்தில் நட்டால் அது பன்னிரண்டு என்று எழுதிய ஒரு கல், அவ்வளவுதான்.

ஒற்றைக் கல்லை வைத்து முடிவு கட்டாதீர்கள். அதிலிருந்து இரு பக்கமும் 1.6 கிலோமீட்டர் தள்ளித் தேடுங்கள். கடலூர்ப் பக்கம் ௰௧, பண்ருட்டிப் பக்கம் ௰௩ இருக்க வேண்டும். நடுவில் பர்லாங்கு கற்களும் இருந்திருக்கும். எட்டு பர்லாங்கு ஒரு மைல், ஆகவே சுமார் 200 மீட்டருக்கு ஒன்று. அவை சிறியவை, பெரும்பாலும் மண்ணுக்குள் போய்விட்டவை. ஒவ்வொரு முறை தார் போடும்போதும் சாலை உயர்கிறது, கல் அங்கேயே நிற்கிறது. உங்கள் கல் முழங்காலுக்குக் கீழே இருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் அதுதான். தூரம் சற்றுப் பிசகினால் உடனே போலி என்று சொல்லிவிடவும் வேண்டாம். வளைவுகளை நேராக்கியிருக்கிறார்கள், பாலங்களை இடம் மாற்றிக் கட்டியிருக்கிறார்கள். பழைய சாலை இன்றைய சாலைக்கு இணையாக, ஊருக்குள் நுழைந்து போகும் தெருவாக மாறியிருக்கலாம். கல் அந்தத் தெருவில் யாராவது ஒருவர் வீட்டுத் திண்ணைக்குக் கீழே இருக்கும்.

ஏன் திண்ணைக்குக் கீழே என்றால், நம் பக்கத்தில் கருங்கல் அரிது. கடலூர், பண்ருட்டிச் செம்மண்ணுக்கு அடியில் இருப்பது மணற்கல். புவியியல் நூல்களில் அதற்குக் கடலூர் மணற்கல் என்றே பெயர். கருங்கல் வேண்டுமென்றால் மேற்கே இருந்துதான் வண்டியில் வர வேண்டும். வந்த கல்லை யாரும் வீணாக்குவதில்லை. துணி துவைக்கும் கல்லாக, மாடு கட்டும் கல்லாக, வாய்க்கால் தாண்டும் பலகையாக எத்தனையோ மைல்கற்கள் உழைத்துக்கொண்டிருக்கின்றன. படுத்த நிலையில் இருக்கும் கற்களின் அடிப்பக்கத்தையும் பாருங்கள், வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு.

மஞ்சள் பூசுவதைக் கண்டு நீங்கள் கொஞ்சம் சங்கடப்படுவதாகத் தெரிகிறது. எனக்குச் சங்கடமே இல்லை. சாமியாகிவிட்ட கல்லைப் பொக்லைன் ஓட்டுநர் அவ்வளவு எளிதில் தொட மாட்டார். எண்ணெயும் மஞ்சளும் எழுத்தை மறைக்கும் என்பது உண்மை. அதற்காகக் கம்பித் தூரிகையோ அமிலமோ எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள். சுண்ணக்கட்டியால் எழுத்தின் மேல் கோடு இழுக்கவும் வேண்டாம், நாம் படித்ததைத்தான் அது காட்டும், கல்லில் உள்ளதை அல்ல. மாலை வெயில் சாய்வாக விழும்போது படம் எடுங்கள், அல்லது இருட்டிய பிறகு டார்ச்சைப் பக்கவாட்டில் பிடியுங்கள். குழிவுகள் நிழல் கட்டித் தாமாகத் தெரியும்.

காலம் கணிப்பதில் மட்டும் அவசரம் வேண்டாம். மைல் கணக்கு என்பதால், 1956ஆம் ஆண்டின் எடை அளவுச் சட்டத்துக்குப் பிறகு படிப்படியாகக் கிலோமீட்டர் வருவதற்கு முந்தையது என்று சொல்லலாம். அதற்கு மேல், ரோமன் எண்ணை மட்டும் பார்த்து நூற்றாண்டு சொல்பவர்களை நான் நம்புவதில்லை. பக்கத்தில் தென்னார்க்காடு என்று இருந்தால் 1993இல் மாவட்டம் பிரிவதற்கு முன். மஞ்சள் தலையில் 45 ஏ என்று எழுதிய கல் இன்னும் எங்காவது நின்றால், 2010இல் தேசிய நெடுஞ்சாலைகளின் எண்களை மாற்றுவதற்கு முன். நமக்கு இளமையாகத் தெரியும் அந்தக் கற்களையும் படம் எடுத்து வையுங்கள், முதலில் அழியப்போவது அவைதான். சிறுபாலங்களின் கைப்பிடிச் சுவரில் 12/3 போல எழுதியிருப்பதும் உதவும். பன்னிரண்டாவது கிலோமீட்டரில் மூன்றாவது பாலம் என்று பொருள். பழைய சுவராக இருந்தால் அது மைலாகவும் இருக்கலாம்.

இந்தப் பழக்கம் வெள்ளைக்காரர் கொண்டுவந்தது என்று நினைக்க வேண்டாம். தருமபுரிப் பகுதியில் கிடைத்த அதியமான் பெருவழிக் கல்லில், நாவல் தாவளத்துக்குக் காதம் 29 என்று எழுத்தில் பொறித்து, கீழே இரண்டு பெரிய குழிகளும் ஒன்பது சிறிய குழிகளும் குடைந்திருக்கிறார்கள். படிக்கத் தெரியாதவர் விரலால் தடவித் தூரத்தை அறிந்துகொள்ளலாம். உங்கள் மைல்கல்லில் அந்தக் கரிசனம் இல்லை.

இனி இரண்டாவது கல். உங்கள் நம்பிக்கையைக் கலைக்க வேண்டியிருக்கிறது. உச்சியில் கூட்டல் குறி வெட்டிய சதுரக் குட்டைக் கல் என்றால், அது நில அளவைக் கல்லாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அளவையர் சங்கிலி பிடித்த புள்ளி அந்தக் குறியின் நடு. தஞ்சாவூரிலும் மதுரையிலும் இதே கல்லைப் பார்க்கலாம். புதுவை எல்லையில் நிற்பதால் மட்டும் அது பிரெஞ்சுக் கல் ஆகிவிடாது. கிராம வரைபடத்தையும், ஒவ்வொரு நிலத்தின் அளவையும் காட்டும் புலப்படத்தையும் எடுத்துப் பாருங்கள். புல எண்கள் கூடும் மூலையில் கல் நின்றால் விவகாரம் முடிந்தது. மூன்று கிராமங்களின் எல்லை கூடும் இடமாக இருந்தால் கொஞ்சம் மதிப்பு கூடும். இதைப் பிடுங்குவது வரலாற்றுக் குற்றம் என்பதோடு நிற்காது, சட்டக் குற்றமும்கூட. தமிழ்நாட்டில் 1923ஆம் ஆண்டு முதலே நில அளவை, எல்லைகள் சட்டம் இருக்கிறது. அதைவிடப் பெரிய ஆபத்து, இரு பக்கத்து நிலக்காரர்களும் உங்களைத் தேடி வருவார்கள்.

கூட்டலுக்குப் பதில் அம்புக்குறியும் அதன் முனைமேல் ஒரு படுக்கைக் கோடும் இருந்தால் அது வேறு. உயரம் அளப்பதற்கான அடையாளம் அது. பாலங்கள், பழைய கட்டடங்களின் அடிப்படைக் கற்களில் பார்க்கலாம். ஆங்கில அளவையர் லாம்டன் 1802இல் பரங்கிமலைக்கு அருகே அளவைக்கான அடிக்கோட்டை அளந்து தொடங்கிய பெரும் முக்கோண அளவை வளர்ந்து படர்ந்ததன் மிச்சங்கள் இப்படி நாடெங்கும் கிடக்கின்றன.

பிரெஞ்சு எல்லை இருந்தது உண்மை. நீங்கள் பாகூர்க்காரர், அது எவ்வளவு சிக்கலானது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1816இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைத் திருப்பிக் கொடுத்தபோது ஒரே நிலமாகக் கொடுக்கவில்லை, துண்டு துண்டாகக் கொடுத்தார்கள். விழுப்புரம் பஸ்ஸில் ஏறினால் புதுவையை விட்டு வெளியே போய், மறுபடி புதுவைக்குள் வந்து, மறுபடி வெளியே போகிறோம். கல் எதுவும் சொல்வதில்லை, மதுக்கடைப் பலகைகள்தான் சொல்கின்றன. 1954 நவம்பர் 1ஆம் தேதி ஆட்சி கைமாறும்வரை இது இரண்டு நாடுகளின் எல்லை. அங்கே சுங்கம் வசூலித்தார்கள், கடத்தலும் நடந்தது. நூறு வயல்களுக்கு நடுவே போகும் அப்படிப்பட்ட எல்லையை யாரும் கல்லை மட்டும் நம்பிக் காக்கவில்லை.

கல் இல்லாத எல்லைக்கு உங்கள் பாதையிலேயே நல்ல சாட்சி இருக்கிறது. 1690இல் ஆங்கிலக் கம்பெனி, செஞ்சியில் இருந்த மராட்டியரிடமிருந்து தேவனாம்பட்டினம் கோட்டையை வாங்கியது. கோட்டையோடு, அங்கிருந்து சுடும் பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம்வரை உள்ள நிலமும் சேர்த்தி என்பது பேச்சு. அந்த ஆண்டு செப்டம்பரில் பல திசைகளிலும் சுட்டார்கள். குண்டு விழுந்த இடம்வரை கம்பெனி நிலம். அகப்பட்ட ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்று பெயர் வந்தது. குண்டு உப்பலவாடியும் குண்டு சாலையும் இன்றும் கடலூரில் இருக்கின்றன. இப்படி அளந்தால் எல்லை எங்கே போய் நிற்கும் என்பது மருந்தை அடைக்கும் பீரங்கிக்காரன் கையில் இருக்கிறது. விற்றவர்கள் இதை யோசித்தார்களா என்று எனக்கு எப்போதும் வியப்பு உண்டு. புதுச்சேரியைச் சுற்றிப் பிரெஞ்சுக்காரர் வளர்த்ததோ முள்வேலி. முட்செடிகளும் கற்றாழையும் நெருக்கி நட்ட அரைவட்டம். 1760இல் ஆங்கிலத் தளபதி கூட் தலைமையில் வந்த படை நகரத்தை நெருங்க முதலில் அந்த வேலியைத்தான் தாண்ட வேண்டியிருந்தது.

செடியை எல்லையாக்குவது அவர்களுக்கு வெகு முன்பே நம்மிடம் இருந்த வழக்கம். பழைய செப்பேடுகளில் நிலக்கொடை வரும் இடமெல்லாம் ‘கல்லும் கள்ளியும் நாட்டி’ என்ற தொடர் வரும். பெண்யானையை எல்லை சுற்றி நடத்தி, அது போன தடத்தில் கல்லும் கள்ளியும் நட்டார்கள். உங்கள் ஊர்ப் பெயரால் வழங்கும் பாகூர்ச் செப்பேடு, பல்லவன் நிருபதுங்கனின் எட்டாம் ஆட்சியாண்டில் அங்கிருந்த கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களைக் கொடுத்ததைச் சொல்கிறது. அந்த ஊர்களின் எல்லையைத் தேடுவது, பிரெஞ்சுக் கல்லைத் தேடுவதைவிடப் பயனுள்ள வேலை என்பது என் கட்சி. வயல்வெளியில் சூலம் பொறித்த கல்லைக் கண்டால் அது சிவன் கோயில் நிலத்தின் எல்லை. சக்கரம் இருந்தால் பெருமாள் கோயில் நிலம், அதைத் திருவாழிக்கல் என்பார்கள். திருவகீந்திரபுரம் பக்கம் போகும்போது கண்ணைத் திறந்து வையுங்கள். மூன்று அடுக்குக் குடை இருந்தால் சமணப் பள்ளியின் நிலம். குளக்கரையில் தனியாக நிற்கும் வழவழத்த தூண் எல்லைக்கல்லே அல்ல, மாடுகள் உடம்பைத் தேய்த்துக்கொள்ள நட்ட ஆவுரிஞ்சுகல். இரண்டு தூணும் மேலே ஒரு பலகையுமாக இருந்தால் சுமைதாங்கி.

பன்னிரண்டாம் மைல்கல்லின் முன்பக்கப் படம் மட்டும் அனுப்பியிருக்கிறீர்கள். பக்கவாட்டு முகங்களையும் எடுத்து அனுப்புங்கள், ஊர்ப்பெயர் இருந்தால் அங்கேதான் இருக்கும். படத்தில் ஓர் அளவுகோலை வையுங்கள், கைப்பேசியில் இடக்குறியீட்டையும் பதிந்துகொள்ளுங்கள். சாலைப் பணி தொடங்கும் முன் நெடுஞ்சாலைத் துறையின் கோட்டப் பொறியாளருக்கும் வட்டாட்சியருக்கும் அந்தப் படங்களோடு ஒரு மனு கொடுங்கள். கல்லைச் சாலையோரமாக நகர்த்தி, அதே மைல் தூரத்தில் திரும்ப நடும்படி கேளுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்க மறக்க வேண்டாம். ௰௧ கிடைத்தால் எனக்கு எழுதுங்கள்.