ஒரே ஒரு போன், முப்பது பிள்ளைகள்

கேள்வி: சேரன்மகாதேவி பக்கம் ஒரு நடுநிலைப்பள்ளியில் ஏழாம் வகுப்புக்குத் தமிழும் சமூக அறிவியலும் எடுக்கிறேன். 'எங்கள் ஊர்' என்று கட்டுரை கொடுத்தால் முப்பது நோட்டிலும் 'எங்கள் ஊர் மிகவும் அழகான ஊர்' என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். ஆனால் வாயைத் திறந்தால் கதை கதையாகச் சொல்கிறார்கள். போனில் படம் எடுக்க வைத்து, அதைக் கொண்டு எழுத வைக்கலாமா? என்னிடம் இருப்பது ஒரே போன். வீடியோ எடிட்டிங் தெரியாது. தலைமையாசிரியரோ, 'போனைக் கொடுத்துப் பிள்ளைகளைக் கெடுத்துவிடாதீர்கள்' என்கிறார்.
– ஓர் ஆசிரியை

பதில்: அன்புள்ள டீச்சர், தாராளமாகச் செய்யுங்கள். ஒரு போன் போதும். எடிட்டிங் தெரியாதது ஒரு குறையே இல்லை. வாயைத் திறந்தால் கதை வருகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பேச்சை நோட்டு வரைக்கும் கொண்டுவரத்தான் படம். அதனால் முதலில் படம், அடுத்து பேச்சு, எழுத்து கடைசியில். படம் எடுத்த கையோடு 'பத்து வரி எழுது' என்றால் அந்த 'மிகவும் அழகான' திரும்பவும் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

வெண்டி ஈவால்ட் என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் 1970களில் கென்டக்கி மலைப்பகுதிப் பிள்ளைகள் கையில் கேமராவைக் கொடுத்து, வீட்டையும் ஊரையும், காணும் கனவைக்கூடப் படமெடுக்கச் சொன்னார். பின்னாளில் வட கரோலினாவின் டர்ஹாம் நகரப் பள்ளிகளில் படமும் எழுத்தும் சேர்ந்த பாடமாக அது வளர்ந்தது. 1990களில் கலிபோர்னியாவில் ஜோ லாம்பர்ட்டும் அவருடைய கூட்டாளிகளும் 'டிஜிட்டல் கதைசொல்லல்' பயிற்சி நடத்தத் தொடங்கினார்கள். சில படங்கள், சொல்பவரின் சொந்தக் குரல், இரண்டு மூன்று நிமிடம், அவ்வளவுதான். அந்தப் பயிற்சியில்கூடக் கம்ப்யூட்டரைத் தொடுவதற்கு முன்னால் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து கதையை வாயால் சொல்லிவிட வேண்டும். உங்கள் பிள்ளைகளுக்கு அந்த வட்டம்தான் முக்கியம்.

என்ன எடுக்கச் சொல்வது? 'ஊரை எடு' என்றால் கோபுரமும் செல்ஃபியும்தான் வரும். தலைப்பைச் சிறிதாக்குங்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி பெருகியதை உங்கள் பிள்ளைகள் மறந்திருக்க மாட்டார்கள். 'வெள்ளம் வந்துபோன அடையாளம் ஒன்று' என்று கொடுத்துப் பாருங்கள். யாராவது ஒரு வெற்றுச் சுவரை எடுத்து வருவான். பார்த்தால் ஒரு மண் கோடு தவிர அதில் ஒன்றும் தெரியாது. திட்டாமல் கேளுங்கள்: தண்ணீர் இந்தக் கோட்டுக்கு வந்தபோது நீ எங்கே நின்றாய்? வீட்டில் எதை முதலில் தூக்கி மேலே வைத்தீர்கள்? ஆச்சியை யார் தூக்கிக்கொண்டு போனது? அவன் சொல்லச் சொல்ல மற்றவர்களும் 'எங்க வீட்ல...' என்று ஆரம்பிப்பார்கள். அன்றைக்குக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியதை அந்த நேரத்தில் சொல்லிப் பாருங்கள். உங்கள் சமூக அறிவியல் பாடம் அந்தச் சுவரிலிருந்தே தொடங்கிவிடும். ஒன்று மட்டும், அந்த நாட்களைப் பற்றிப் பேச விரும்பாத பிள்ளை இருந்தால் விட்டுவிடுங்கள். வாய்க்காலோ வேப்பமரமோ, அது எதையாவது எடுக்கட்டும்.

பத்தமடை உங்களுக்குப் பக்கம்தானே. பாய் நெய்கிற வீட்டில் அனுமதி கேட்டு ஒரு குழுவை அழைத்துப் போங்கள். தூரத்திலிருந்து ஒன்று, கிட்டப் போய் ஒன்று, நெய்கிறவரின் கையை மட்டும் ஒன்று என்று ஆளுக்கு மூன்றே படம். கோரையைக் காயவைப்பதும், கீறுவதும், ஊறவைப்பதும், தறியில் ஏற்றுவதும் எல்லாருடைய படங்களிலுமாகக் கலந்து கிடக்கும். வகுப்பில் அவர்களே வரிசைப்படுத்தட்டும். அப்புறம் 'இரண்டை மட்டும் வைத்துக்கொள், மற்றதை எடுத்துவிடு' என்று சொல்லுங்கள். பெரிய சண்டை நடக்கும், நடக்கட்டும். எதை வைப்பது, எதை விடுவது என்று வாதாடுகிற பிள்ளை அந்த நேரத்தில் கட்டுரைதான் எழுதிக்கொண்டிருக்கிறது.

கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்குப் போக வாய்த்தால், போன் கேமராவில் பறவை புள்ளியாகத்தான் விழும் என்று கவலைப்பட வேண்டாம். மரத்தடியில் எச்சம் விழுந்து வெளுத்துக் கிடக்கும் இலைகளை எடுக்கச் சொல்லுங்கள். அந்த எச்சம் கலந்த குளத்துத் தண்ணீர் வயலுக்கு உரமாவதை அந்த ஊர்ப் பெரியவர்களே சொல்வார்கள்.

எழுதும்போது ஆச்சி, தார்சா என்று வீட்டுப் பேச்சு வந்தால் சிவப்பு மையால் அடிக்காதீர்கள். எழுத்துப்பிழையை இரண்டாம் தடவை எழுதும்போது பார்க்கலாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் மாவட்டத்தில் இதை விட்டுவிட்டுப் பேச முடியாது. 'என் வீடு', 'என் தெரு' என்று தலைப்பு கொடுத்தால் படத்தில் சாதி வந்து நிற்கும். சுவரில் அடித்த வண்ணமும் கம்பத்துக் கொடியும் கையில் கட்டிய கயிறும் சொல்லிவிடும். 2023இல் நாங்குநேரியில் பட்டியலின மாணவன் ஒருவனையும் அவன் தங்கையையும் உடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டியதற்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, கையில் வண்ணக் கயிறு கட்டுவதையே பள்ளிகளில் தடை செய்யச் சொல்லிப் பரிந்துரைத்தது. அதனால் ஆறு, வாய்க்கால், மழை, வேலை செய்யும் கைகள் என்று எல்லாருக்கும் பொதுவானதிலிருந்து தொடங்குங்கள். சீட்டுக் குலுக்கிப் போட்டுக் குழு பிரியுங்கள். வீட்டைப் படமெடுத்து வரச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. தானாக விரும்பித் தன் தெருவைக் காட்டுகிற பிள்ளை வந்தால், அது பேசி முடிக்கும்வரை வகுப்பில் ஒரு சிரிப்புச் சத்தம் வராமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு. இதில் மட்டும் கறாராக இருங்கள்.

மற்றதெல்லாம் சுலபம். ஐந்து பேர் கொண்ட ஆறு குழு, நாளுக்கு ஒரு குழு. போனில் சிம்மைக் கழற்றிவிட்டு, நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் கையில் கொடுங்கள். ஆளைப் படமெடுக்கும் முன் கேட்க வேண்டும், வேண்டாம் என்றால் நகர்ந்துவிட வேண்டும். பிள்ளைகள் முகம் தெரிகிற படம் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்குப் போகக் கூடாது. பெற்றோரிடம் முன்னாலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வீடியோ இப்போது வேண்டாம். திரையில் படம் தெரியட்டும், எடுத்த பிள்ளை பக்கத்தில் நின்று சொல்லட்டும். புரொஜெக்டர் இல்லையென்றால் கறுப்பு வெள்ளையில் பிரிண்ட் எடுத்து நோட்டில் ஒட்டினாலும் போதும். பிள்ளை சொல்வதைப் போனில் குரலாகப் பதிவு செய்து வைத்தால், எழுதத் திணறுகிற பிள்ளைக்கு அதன் பேச்சையே திரும்பப் போட்டுக் காட்டலாம். பதிவு செய்யும்போது ஃபேனை நிறுத்திவிடுங்கள்.

தலைமையாசிரியரின் பயம் நியாயமானது. சிம் இல்லை, நீங்கள் கூடவே இருப்பீர்கள், ஆளுக்கு மூன்றே படம் என்பதையெல்லாம் அவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவர் இந்தப் பக்கத்துக்காரர் என்றால் 1992 வெள்ளத்தைப் பார்த்திருக்கக்கூடும். வெள்ளக் குழுவை முதலில் அவரிடமே அனுப்புங்கள். அனுமதி கேட்டு அவரைப் படம் எடுத்துக்கொண்டு, அப்போது ஆற்றில் தண்ணீர் எதுவரைக்கும் வந்தது என்று பிள்ளைகள் கேட்கட்டும்.