வாக்னரைக் கேட்பதா, விடுவதா?

ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் யூத வெறுப்புக் கட்டுரையைப் படித்த பிறகு ஹெட்போனை மாட்டவே மனசு வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். காசு அவருக்குப் போகுமோ என்ற கவலை வேண்டாம். 1883இல் இறந்தவர், ராயல்டி கிடையாது. ஆனால் வாய்தவறிய பேச்சு என்றும் தள்ள முடியாது: 1850இல் புனைபெயரில் எழுதியதை 1869இல் சொந்தப் பெயரிலேயே மறுபடி அச்சிட்டார், மனுஷர்.

அவருடைய 'ட்ரிஸ்டான்' ஓபராவின் (இசை நாடகம்) முன்னிசையில் தொடங்குங்கள். பாடல் வரி இல்லை, பத்துப் பன்னிரண்டு நிமிடம்தான். ஆரம்பத்தில் செல்லோ (பெரிய வயலின் மாதிரியான வாத்தியம்) தனியாக ஏறும், மரக்குழல்கள் வந்து சேரும், சேர்ந்தொலிக்கும் அந்தச் சுரக்கூட்டு முடிவுக்கு வராமலே தொங்கும். அதில் அரசியலைத் தேடினாலும் கிடைக்காது. அவருடைய இன்னொரு ஓபராவான 'மைஸ்டர்சிங்கர்' கடைசிக் காட்சி அப்படியல்ல; அதில் வரும் ஹான்ஸ் சாக்ஸ் என்ற பாத்திரம் அயலார் ஆதிக்கத்தை எச்சரித்து ஜெர்மன் கலையைப் போற்றும். அதை மொழிபெயர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

2001இல் ஜெருசலேமில் இசைக்குழு நடத்துநர் பாரன்பாய்ம் 'ட்ரிஸ்டான்' வாசிக்கும் முன், வாசிக்கலாமா என்று அரங்கில் இருந்தவர்களிடம் கேட்டார். சிலர் கத்திவிட்டு வெளியேறினார்கள், மற்றவர்கள் உட்கார்ந்து கேட்டார்கள்.