மூன்று பேர், பேஸ் கிடையாது: ஹவுண்ட் டாக் டெய்லர் பற்றிக் கேள்வி பதில்

தந்தி மேல் குழாயை வழுக்கவிட்டு வாசிக்கும் ஸ்லைடு கிட்டார் பற்றிப் பேச்சு வந்தாலே, நான் சிகாகோவின் ப்ளூஸ் (அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசை) கலைஞர் ஹவுண்ட் டாக் டெய்லரை இழுத்துவிடுகிறேன் என்று ஒரு புகார் உண்டு. அதையொட்டி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: அண்ணே, எல்லாரும் டுவேன் ஆல்மன், ஜானி வின்டர்னு சொல்றாங்க. நீங்க மட்டும் ஏன் இவரையே பிடிச்சுக்கிட்டு இருக்கீங்க? யார் இவர்?

இயற்பெயர் தியோடர் ரூஸ்வெல்ட் டெய்லர். மிசிசிப்பி மாநிலத்தின் நாட்செஸ் ஊரில் 1915-இல் பிறந்தவர். 1917 என்று எழுதுபவர்களும் உண்டு. முதலில் பியானோதான், இருபது வயதை ஒட்டித்தான் கிட்டாரைக் கையில் எடுத்தார். 1942-இல் சிகாகோ வந்து, பகலில் வேலை, ராத்திரியில் தென்பகுதி பார்களில் வாசிப்பு என்று ஓட்டினார். 1957 வாக்கில் வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் இசைக்கே வந்தார். முதல் ஆல்பம் வந்தபோது வயது 56. 1975 டிசம்பரில் நுரையீரல் புற்றுநோயில் இறந்தார். உலகம் அவரைக் கேட்டதெல்லாம் கடைசி நாலு வருஷம்தான். பிடித்துக்கொண்டிருக்க எனக்கு அது போதும்.

கேள்வி: அவருக்குக் கையில் ஆறு விரலாமே? அதனால்தான் அந்த வாசிப்பா?

இரண்டு கையிலும் ஆறு விரலோடு பிறந்தவர். வலது கையில் கூடுதலாக இருந்ததை ஒரு நாள் குடிபோதையில் சவரக்கத்தியால் தானே வெட்டிவிட்டார் என்பது எல்லாரும் சொல்லும் கதை. வாசிப்புக்கும் அதற்கும் முடிச்சுப் போடாதீர்கள். ஐந்து விரல்காரர்கள் எத்தனையோ பேர் அவர் பாட்டை அப்படியே வாசிக்கிறார்கள்.

கேள்வி: நான் கர்நாடக சங்கீதம் கற்றவள். ஸ்லைடு என்பது நம் கோட்டுவாத்தியம் மாதிரிதானே ஐயா?

தந்தியை அழுத்தாமல் மேலே ஒன்றை வழுக்கவிட்டு ஸ்வரத்தைப் பிடிப்பது இரண்டிலும் ஒன்றுதான் அம்மா. வழி வேறு. கோட்டுவாத்தியத்தைப் படுக்க வைத்துக் கட்டையால் வாசிக்கிறோம். இவர்கள் கிட்டாரை வழக்கம்போலப் பிடித்து, விரலில் உலோகக் குழாயோ கண்ணாடிக் குழாயோ மாட்டிக்கொள்கிறார்கள். அதன் வேரை ஹவாய் கிட்டாரிலும், மிசிசிப்பியில் சுவரில் ஒற்றைக் கம்பியைக் கட்டி பாட்டிலால் தேய்த்து வாசித்த பழக்கத்திலும் தேடுவார்கள்.

உங்களுக்கு ஒன்று பிடிக்கும். டெய்லர் பாணிக்கு அடிப்படையான ஓப்பன் இ ட்யூனிங்கில் (தந்திகளை ஒரே கார்டாக ஒலிக்கும்படி சுருதி சேர்ப்பது) ஆறு தந்தியும் கீழிருந்து மேலாக இ, பி, இ, ஜி ஷார்ப், பி, இ. இ-யை ஸட்ஜமாக வைத்தால் ச ப ச க ப ச. அந்த 'க' அந்தர காந்தாரம். ப்ளூஸ்காரன் அங்கே நிற்கமாட்டான். சாதாரண காந்தாரத்துக்கும் அந்தரத்துக்கும் நடுவில் எங்கேயோ ஊசலாடுவான். பியானோவில் அந்த இடத்துக்குக் கட்டையே இல்லை. ஸ்லைடில் அது விரல் நுனியில் இருக்கிறது.

கேள்வி: பேஸ் கிட்டாரே இல்லாமல் ஒரு பேண்ட் எப்படி நடத்தினார்?

'ஹவுஸ்ராக்கர்ஸ்' மொத்தமே மூன்று பேர். டெய்லர், இரண்டாவது கிட்டாரில் ப்ரூவர் ஃபிலிப்ஸ், டிரம்ஸில் டெட் ஹார்வி. ஃபிலிப்ஸ் தன் டெலிகாஸ்டர் கிட்டாரின் தடித்த தந்திகளிலேயே பேஸ் வரியை, அதாவது அடியில் ஓடும் கீழ்ஸ்தாயி மெட்டை, ஓட்டுவார். டெய்லர் ரிதத்துக்கு இறங்கினால் இவர் முன்னணி மெட்டான லீடுக்குத் தாவுவார். யார் எப்போது எங்கே போவார் என்பது அவர்களுக்குள் கண் ஜாடைதான். அவர்களிடம் பிசிறு நிறைய உண்டு. ஆனால் ஹார்வியின் தாளம் ஒரு இஞ்ச் நகராது, அதனால் மற்ற இருவரும் எவ்வளவு ஆடினாலும் கட்டடம் விழவில்லை.

கேள்வி: சார், அந்த சவுண்டுக்கு என்ன கிட்டார், என்ன ஆம்ப் வாங்கணும்? பட்ஜெட் பிரச்சனை இல்லை.

அவருக்கு இருந்த பிரச்சனையே பட்ஜெட்தான், தம்பி. மலிவான ஜப்பான் கிட்டார். சியர்ஸ் கடைகளில் விற்ற சில்வர்டோன் ஆம்ப் (கிட்டாரின் ஒலியைப் பெருக்கும் பெட்டி), அதுவும் ஸ்பீக்கர் கிழிந்தது. அதை முழு வால்யூமில் திருப்பி வைத்துவிடுவார். ஒலியை மாற்றும் பெடல் எதுவும் வேண்டியிருக்கவில்லை, ஆம்பே உறுமியது.

நீங்கள் செலவழிக்க வேண்டியது வேறு இடத்தில். தந்திகளைக் கொஞ்சம் தடியாகப் போட்டு, தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜைச் சற்று உயர்த்துங்கள். இல்லையென்றால் குழாய் ஃப்ரெட்டில் (கிட்டார் கழுத்தில் குறுக்கே பதித்த கம்பி) இடித்து டக் டக்கென்று சத்தம் வரும். குழாயைச் சுண்டுவிரலில் மாட்டுங்கள். ஸ்வரம் ஃப்ரெட் கம்பிக்கு நேர் மேலே இருக்கிறது, இரண்டு கம்பிக்கு நடுவில் இல்லை. குழாய்க்குப் பின்னால் இருக்கும் விரல்களால் தந்தியை லேசாகத் தொட்டு வையுங்கள். அந்தத் தொடுகை இல்லாவிட்டால் பின்பக்கத்து அதிர்வு வந்து எல்லாவற்றையும் கெடுக்கும். ஆறு மாசம் இதையே செய்யுங்கள், அப்புறம் ஆம்ப் பற்றிப் பேசலாம்.

கேள்வி: ஐம்பது வயதுக்கு மேல் திடீரென்று எப்படி பிரபலமானார்? யாராவது பெரிய கம்பெனி தூக்கிவிட்டதா?

அதுதான் இல்லை. அறுபதுகளில் சின்ன லேபிள்களில் (இசைத்தட்டு நிறுவனங்களில்) ஓரிரு சிங்கிள் போட்டார், எதுவும் ஓடவில்லை. ஃப்ரெடி கிங்கின் பெரிய ஹிட்டான 'ஹைட் அவே', டெய்லர் கிளப்பில் வாசித்துக்கொண்டிருந்த மெட்டிலிருந்து வந்தது என்று சிகாகோக்காரர்கள் சொல்வார்கள். ஹிட் ஒருவருக்கு, பார் மேடை இன்னொருவருக்கு. 1967-இல் அமெரிக்கன் ஃபோக் ப்ளூஸ் ஃபெஸ்டிவல் குழுவோடு, லிட்டில் வால்டர், கோகோ டெய்லர் போன்ற ப்ளூஸ் கலைஞர்களுடன் ஐரோப்பா போய் வந்தார். திரும்பியதும் மறுபடி அதே பார்தான்.

ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் ஃப்ளாரன்ஸஸ் என்ற சின்ன பாரில் வாசிப்பார். அங்கே போய்ச் சொக்கியவர் புரூஸ் இக்லாயர், டெல்மார்க் ரெக்கார்ட்ஸில் பார்சல் கட்டி அனுப்பும் வேலையில் இருந்த வெள்ளைக்கார இளைஞர். இவரைப் பதிவு செய்யுங்கள் என்று முதலாளி பாப் கோஸ்டரிடம் சொல்லிப் பார்த்தார், நடக்கவில்லை. தனக்கு வந்த 2,500 டாலர் பரம்பரைப் பணத்தை எடுத்து, இரண்டே ராத்திரியில் ஆல்பத்தைப் பதிவு செய்து, 1,000 பிரதி அடித்தார். அலிகேட்டர் ரெக்கார்ட்ஸ் என்ற லேபிள் பிறந்ததே இந்த ஒரு மனிதருக்காக.

அதற்கப்புறம் லேபிள் முதலாளியே மேனேஜர், புக்கிங் ஏஜென்ட், டிரைவர். தட்டுகளைக் காரில் போட்டுக்கொண்டு ரேடியோ நிலையம் ரேடியோ நிலையமாகப் போய்க் கொடுத்தார். கல்லூரிகள், ஊர் ஊராகக் கிளப்புகள், ப்ளூஸ் திருவிழாக்கள், கடைசியில் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து வரை மூவர் குழு போனது. காலேஜ் பையன்கள் முன்னால் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, காலைத் தரையில் உதைத்தபடி, பாருக்கு வாசித்ததையே இங்கேயும் வாசித்தார். ஆளுக்கேற்ப மாற்றிக்கொள்ளவில்லை, அதுதான் அவரைக் காப்பாற்றியது என்பது என் கட்சி.

கேள்வி: தன் கூட்டாளியையே சுட்டாராமே?

உண்மைதான். மூவரும் ஓயாமல் சண்டை போடுவார்கள். 1975-இல் அப்படி ஒரு வாய்த்தகராறில் டெய்லர் துப்பாக்கியை எடுத்து ஃபிலிப்ஸைச் சுட்டுவிட்டார். ஃபிலிப்ஸ் பிழைத்தார். வழக்கு விசாரணைக்கு வருமுன்பே டெய்லர் படுத்துவிட்டார். ஆஸ்பத்திரிக்கு ஃபிலிப்ஸ் வந்து பார்த்து மன்னித்தார் என்று இக்லாயர் சொல்லியிருக்கிறார். இதை ரவுடித்தனத்தின் அழகாகக் காட்டும் கட்டுரைகள் எனக்குப் பிடிக்காது. சுடப்பட்டவரும் ஒரு கலைஞர், அவர் கைதான் அந்தப் பேண்டின் பேஸ்.

கேள்வி: நுணுக்கமாகப் பார்த்தால் அவர் பெரிய வாசிப்பாளரே இல்லை என்கிறார் என் கிட்டார் மாஸ்டர்.

அவரே ஒப்புக்கொண்டிருப்பார். நான் செத்தபிறகு, 'இவனுக்கு வாசிக்கத் தெரியாது, ஆனால் கேட்க நன்றாக இருந்தது' என்றுதான் சொல்வார்கள் என்று டெய்லரே சொல்லிச் சிரித்திருக்கிறார். ஸ்லைடு கிட்டார் கலைஞர் எல்மோர் ஜேம்ஸிடமிருந்து எடுத்த நாலைந்து இசை வாக்கியங்கள்தான் அவர் கைமுதல். உங்கள் மாஸ்டர் ஸ்கேல்களை எண்ணுகிறார், நான் சத்தத்தைக் கேட்கிறேன். 1984-இல் ப்ளூஸ் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தவர்களும் அதைத்தான் கேட்டிருக்க வேண்டும்.

கேள்வி: எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?

1971-இல் வந்த அந்த முதல் ஆல்பம், அதில் 'கிவ் மீ பேக் மை விக்'. பிடித்தால் இறந்தபின் வந்த நேரடிப் பதிவு 'பிவேர் ஆஃப் த டாக்'. ஹெட்ஃபோன் வேண்டாம், ஸ்பீக்கரில் போடுங்கள். பக்கத்து வீட்டுக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.