பழைய மாடல் ரயில் (நிஜ ரயிலின் சிறு உருவம்) எஞ்சினில் மோட்டார் ஓடுகிறது, ஆனால் சக்கரம் நகரவில்லை. வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா?

முடியும். முதலில் அது என்ன சத்தம் போடுகிறது என்று கேளுங்கள். முனகிக்கொண்டே அசையாமல் நின்றால் உள்ளே எங்கோ இறுகிவிட்டது. உடனே கரண்ட்டை நிறுத்துங்கள். சுற்ற முடியாமல் நிற்கும்போதுதான் மோட்டார் அதிகக் கரண்ட் இழுக்கும், விட்டுவைத்தால் சுருள் கருகிவிடும். மோட்டார் வேகமாகச் சுற்றியும் சக்கரம் சும்மா இருந்தால் மோட்டார் நன்றாக இருக்கிறது; வழுக்குவது கியர்.

நான் வளர்ந்தது கோலாலம்பூர் செந்தூலில். அப்பா அங்கே ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்தார். அம்கார்ப் மாலில் ஞாயிற்றுக்கிழமை நடக்கும் பழம்பொருள் சந்தையில் நான் முதன்முதலாக ட்ரை-ஆங் என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் பழைய மாடல் எஞ்சின் ஒன்றை வாங்கி வந்தபோது, மேசையில் வைத்து முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தேன். அப்பா என் கையைப் பிடித்துவிட்டார். "தள்ளாதடா. மோட்டார் பக்கத்துல இருந்து சுத்து" என்றார்.

அவர் சொன்னதற்குக் காரணம் உண்டு. இந்த எஞ்சின்களில் மோட்டார் தண்டில் திருகாணி போல ஒரு வார்ம் இருக்கும். அது சக்கர அச்சில் உள்ள பல்சக்கரத்தைச் சுற்றும். ஒரே புரி உள்ள வார்ம் என்றால், 30 பல் கியர் ஒருமுறை சுற்ற மோட்டார் 30 முறை சுற்ற வேண்டும். வார்ம் கியரைத் திருப்பும். கியரால் வார்மைத் திருப்ப முடியாது. சக்கரத்தைத் தள்ளினால் அந்த அழுத்தம் முழுக்கப் பல்லின் மேல்தான் விழும். அதனால் மேல்கூட்டைக் கழற்றிவிட்டு, மோட்டார் தண்டை விரலால் மெதுவாகத் திருப்பிப் பாருங்கள்.

திருப்பவே முடியவில்லை என்றால் பெரும்பாலும் பழைய கிரீஸ்தான். நம் ஊர்ச் சூட்டில் பல வருடம் பெட்டிக்குள் கிடந்த கிரீஸ் பழுப்பாகி, பலாப்பிசின் மாதிரி பல்லுக்குப் பல் ஒட்டிக்கொள்ளும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலைப் பஞ்சுக்குச்சியில் தொட்டு, பல்குச்சியால் ஒவ்வொரு பல் இடுக்கையும் சுரண்டி எடுங்கள். பெட்ரோல், தின்னர் வேண்டாம், பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும். அப்புறம் பிளாஸ்டிக்குக்கு ஏற்ற கிரீஸ் துளியளவு போதும். தண்டின் இரு முனைகளுக்கும் ஊசிமுனையில் எடுத்த எண்ணெய். அதிகமானால் அது கம்யூட்டேட்டருக்கு (மோட்டார் தண்டில் கரண்ட் வாங்கும் செப்புப் பகுதி) ஓடிப்போய் கார்பன் தூளோடு சேர்ந்து கருஞ்சேறாகிவிடும்.

உங்கள் எஞ்சினில் மோட்டார் ஓடி, சக்கரம் மட்டும் நிற்கிறது என்பதால், என் சந்தேகம் அச்சிலுள்ள பிளாஸ்டிக் கியரின் மேல். இரும்பு அச்சில் இறுக்கமாக ஏற்றிய கியர் காலப்போக்கில் நெடுக்காக வெடிக்கும். பூதக்கண்ணாடியில் பாருங்கள், இரண்டு பல்லுக்கு நடுவே தலைமுடி போல ஒரு கோடு தெரியும். அந்த இடத்தில் பல் இடைவெளி கொஞ்சம் விரிந்திருக்கும். விரிசல் சின்னதாக இருக்கும்போது சக்கரம் ஒரு சுற்றுக்கு ஒருமுறை 'டிக்' என்று தடுக்கி ஓடும், பெரிதானால் அச்சு நிற்க, கியர் மட்டும் சுற்றும். பசை போடாதீர்கள். நைலானில் அது சரியாகப் பிடிக்காது. பிடித்தாலும் கியர் வட்டம் தவறிவிடும். பல்லை எண்ணி, அச்சின் விட்டத்தை அளந்து, அதே அளவில் புதிய கியர் போடுங்கள். சக்கரத்தை உருவுமுன் இரு சக்கரங்களின் உட்புற இடைவெளியையும் குறித்து வையுங்கள், இல்லாவிட்டால் பாயிண்ட் (தண்டவாளம் இரண்டாகப் பிரியும் இடம்) வரும்போது தடம்புரளும். நீராவி எஞ்சின் என்றால் இன்னும் கவனம் வேண்டும்: ஒரு பக்கக் கிராங்க் (சக்கரத்தில் இணைப்புக் கம்பி மாட்டும் முளை) மறுபக்கத்துக்கு 90 டிகிரி தள்ளி இருக்க வேண்டும், எல்லா அச்சிலும் ஒரே மாதிரி.

மோட்டாரைத் திறக்க வேண்டி வந்தால் இரண்டு விஷயம். ட்ரை-ஆங்கின் எக்ஸ்04 போன்ற பழைய மோட்டாரில் காந்தத்தைச் சும்மா கழற்றக் கூடாது. இரு முனைகளையும் இரும்புத் துண்டால் இணைத்து வைக்காவிட்டால் காந்தபலம் குறையும். கார்பன் பிரஷ்களை (கம்யூட்டேட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் கரித்துண்டுகள்) அழுத்தும் கம்பி ஸ்பிரிங்கின் ஒரு கையில் மட்டும் மெல்லிய காப்புக்குழாய் இருக்கும். அது என் விரலிலிருந்து நழுவிப் போய், ஒரு சாயங்காலம் முழுக்கத் தரையில் தவழ்ந்து தேடியிருக்கிறேன். அது இல்லாமல் மாட்டினால் ஷார்ட் ஆகிவிடும். மின்கம்பியின் மேலுறையில் சின்னத் துண்டு வெட்டிப் போடலாம். கோலாலம்பூர் ஜாலான் பாசார் எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்கும்.

மாட்டும்போது வார்முக்கும் கியருக்கும் நடுவே மெல்லிய காகிதம் ஒன்றை வைத்து ஸ்குரூவை முறுக்கி, பிறகு காகிதத்தை உருவிவிடுங்கள். மயிரிழை இடைவெளி கிடைக்கும். அதுகூட இல்லாமல் இறுக்கினால் புதுக் கியரும் தேயும். கடைசியாக, தண்டவாளத்தில் பாதி வேகத்தில் முன்னோக்கி அரைமணி, பின்னோக்கி அரைமணி ஓடவிட்டு, மோட்டாரைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் சரி. கை வைக்க முடியாத சூடு என்றால் மறுபடியும் கழற்றி, தண்டை விரலால் திருப்பிப் பார்ப்பதிலிருந்து தொடங்குங்கள்.