கண்ணோரம் சிவப்பு ஒளி: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

முகச் சுருக்கத்துக்குச் சிவப்பு ஒளி தரும் எல்.இ.டி. மாஸ்க் வாங்கியிருக்கிறேன். போடும்போது கண்ணை மூடிக்கொண்டால் போதாதா?

போதாது. வெயிலில் கண்ணை மூடிக்கொண்டு நின்று பாருங்கள், உள்ளே எல்லாம் சிவப்பாகத் தெரியும். இமை மற்ற நிறங்களைப் பெரும்பாலும் தடுத்துவிட்டு சிவப்பை உள்ளே விடுவதால்தான் அப்படி. உடம்பிலேயே மெல்லிய தோல் இமைத்தோல்தான், சுமார் அரை மில்லிமீட்டர், அதை நம்பி விளக்கைக் கண்ணுக்கு ஒட்டி வைக்கக் கூடாது. இன்னொன்று, பல மாஸ்க்குகளில் 630 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய சிவப்போடு 830, 850 நானோமீட்டர் அகச்சிவப்பும் சேர்ந்தே வருகிறது. அது கண்ணுக்குத் தெரியாது, அதனால் கூசாது, கூசாததால் நாமும் முகத்தைத் திருப்ப மாட்டோம். சாதனத்தோடு வந்த கண்மூடியை ஒவ்வொரு முறையும் போடுங்கள். கண்குழியை மட்டும் மறைக்கிற சின்ன வகை என்றால் ஓரத்துச் சுருக்கங்களுக்கு ஒளி கிடைத்துவிடும், கண்ணும் பத்திரம்.

ஆறு வாரமாகப் போடுகிறேன், கருவளையம் அப்படியே இருக்கிறதே?

இந்தக் கேள்விதான் எனக்கு அதிகம் வருகிறது, பதில் சொல்லக் கொஞ்சம் வருத்தமாகவும் இருக்கிறது, ஏனென்றால் கருவளையம் போகும் என்று சொல்லித்தான் பாதி மாஸ்க்குகளை விற்கிறார்கள். சிவப்பு ஒளி தோல் செல்களுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவைத் தூண்டி, தோலை உறுதியாக வைக்கும் கொலாஜன் என்ற புரதத்தின் உற்பத்தியைக் கூட்டுகிறது. ஜெர்மனியில் 136 பேரை வைத்து நடந்து 2014-இல் வெளியான ஆய்வில், வாரம் இரண்டு முறை என 30 முறை ஒளி பட்டவர்களுக்குத் தோல் வழவழப்பானது, கொலாஜன் அடர்த்தியும் கூடியது. ஆக, மெல்லிய சுருக்கத்துக்கு இது உதவும், ஆனால் ஆறு வாரம் குறைவு, மூன்று மாதமாவது பொறுக்க வேண்டும்.

கருவளையம் வேறு கதை. கண்ணாடி முன் நின்று கீழ்இமைத் தோலை மெதுவாக இழுத்துப் பாருங்கள். பழுப்பு நிறம் அப்படியே இருந்தால் அது நிறமி. நம் ஊர்த் தோலில் பரம்பரையாகவும், அலர்ஜியால் கண்ணைக் கசக்கிக் கசக்கியும் வருவது. நீலமோ ஊதாவோ இன்னும் எடுப்பாகத் தெரிந்தால் அடியில் உள்ள ரத்தக்குழாய்கள். நேராக வெளிச்சம் அடிக்கும்போது மறைந்துவிட்டால் அது கறுப்பே இல்லை, கண்ணுக்குக் கீழே உள்ள பள்ளத்தின் நிழல். நிறமியை சிவப்பு ஒளி கரைக்காது, பள்ளத்தையும் நிரப்பாது. நிறமிக்கு சன்ஸ்கிரீனும், கசக்குவதை நிறுத்துவதும், அலர்ஜி இருந்தால் அதற்கு மருந்தும்தான் முதலில்.

10 நிமிடத்துக்குப் பதிலாக 30 நிமிடம் போட்டால் சீக்கிரம் பலன் வருமா?

வராது. ஒரு அளவுக்கு மேல் போனால் கிடைத்த பலனும் குறையும். பெட்டியில் போட்டிருக்கும் நேரமே சரி.

தைராய்டு மாத்திரையும் முகப்பருவுக்கு டாக்ஸிசைக்ளினும் சாப்பிடுகிறேன். போடலாமா?

தைராய்டு மாத்திரை பிரச்சினை இல்லை. டாக்ஸிசைக்ளின் ஒளிக்கூச்சம் தரக்கூடியது, அதாவது ஒளி பட்டால் வழக்கத்தைவிட எளிதில் பாதிப்பு வரலாம், எழுதிக் கொடுத்த டாக்டரிடம் கேட்ட பிறகே போடுங்கள். 2019-இல் நியூட்ரோஜினா நிறுவனம் நீல, சிவப்பு ஒளி தரும் தன் முகப்பரு மாஸ்க்கை சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது. சில விழித்திரை நோய் உள்ளவர்களுக்கும் ஒளிக்கூச்சம் தரும் மருந்து சாப்பிடுபவர்களுக்கும் கண் பாதிக்கப்படலாம் என்பதால், முன்னெச்சரிக்கையாக எடுத்த முடிவு அது. குடும்பத்தில் யாருக்காவது மாலைக்கண்ணோடு கூடிய விழித்திரை நோய் இருந்தால் கண் டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிட்டு ஆரம்பியுங்கள்.

சிவப்பு ஒளியைப் பார்த்தால் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை ஏறாதாமே? என் மாஸ்க்கை மகளுக்குக் காட்டலாமா?

தயவுசெய்து வேண்டாம். சீனாவில் அதற்கென்றே தனிக்கருவி இருக்கிறது, அதிலேயே 12 வயதுச் சிறுமி ஒருத்திக்கு இரண்டு கண்ணிலும் விழித்திரை பாதிக்கப்பட்டது 2023-இல் மருத்துவ இதழில் பதிவானது. உங்கள் மாஸ்க் தோலுக்காகச் செய்தது. மகளைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போங்கள், குறைந்த அளவு அட்ரோபின் சொட்டு மருந்து பற்றிக் கேளுங்கள், அப்புறம் தினமும் இரண்டு மணி நேரமாவது பகல் வெளிச்சத்தில் வெளியே விளையாட விடுங்கள்.