பூசையில் கேட்ட கேள்வி – கடிதம்

அன்புள்ள அக்கா,

உங்கள் எழுத்தை ரொம்ப நாளாக வாசிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. நாங்கள் பெங்களூர் லிங்கராஜபுரத்தில் இருக்கிறோம். போன வருடம் அப்பா இறந்ததிலிருந்து எனக்கு ஜெபமே வரவில்லை. ஜெபமாலை சொல்ல உட்கார்ந்தால் பாதியில் தூங்கிவிடுகிறேன். தவக்காலத் தியானத்தில் ஃபாதர், “குழந்தைகளைப் போல ஆகுங்கள், உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடமிருந்து விசுவாசத்தைக் கற்றுக்கொள்ளுங்கள்” என்றார். அது மனதிலேயே நிற்கிறது. என் மகனுக்கு எட்டு வயது, இந்த வருடம் புதுநன்மை, பூசையில் முதல் தடவையாக நற்கருணை அப்பம் வாங்கப் போகிறான். அவனுடைய களங்கமில்லாத மனது எனக்கு வர நான் என்ன செய்ய வேண்டும்?

இன்னொன்று. அப்பாவின் வருடப் பூசை முடிந்ததும் இவன் நேராக ஃபாதரிடம் போய், “தாத்தா பிழைக்கணும்னு நான் தினமும் கேட்டேன், இயேசு ஏன் செய்யலை?” என்று எல்லோர் முன்னாலும் சத்தமாகக் கேட்டுவிட்டான். எனக்கு மானமே போய்விட்டது. இந்தப் பழக்கத்தை எப்படி நிறுத்துவது? இப்படிக் கேட்கிறவனுக்குப் புதுநன்மை கொடுக்கலாமா? மறைக்கல்வி ஆங்கிலத்தில் படிக்கிறான், தமிழுக்கு மாற்றட்டுமா? நல்ல சிறுவர் பைபிள் ஒன்றும் சொல்லுங்கள்.

(பெயர் போட வேண்டாம்.)

*

அன்புள்ள சகோதரிக்கு,

சின்ன விஷயங்களை முதலில் முடித்துவிடுவோம். மறைக்கல்வி எந்த மொழியில் வேண்டுமானாலும் இருக்கட்டும். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பள்ளியில் ஆங்கிலம் என்று வளர்கிற பெங்களூர்ப் பிள்ளை மூன்றையும் கலந்துதான் ஜெபிக்கும், நல்லதுதான். சிறுவர் பைபிள், அவன் கையில் எடுத்துப் பார்த்து எதைக் கீழே வைக்க மாட்டேன் என்கிறானோ அது. ஜெபமாலையில் தூங்குவதற்காக வருத்தப்பட வேண்டாம். பிரெஞ்சுக் கன்னியாஸ்திரியான புனித குழந்தை இயேசுவின் தெரேசாவே ஜெப நேரத்தில் தூங்கிப்போவதாக எழுதியிருக்கிறார். பிள்ளை தூங்கினாலும் விழித்திருந்தாலும் பெற்றவர்களுக்கு ஒரே பாசம்தானே என்று அதற்குப் பதிலும் அவரே சொல்லிக்கொண்டார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தின் முதல் பகுதியில் மகனைப் போல ஆக வேண்டும் என்று ஆசைப்படுகிறீர்கள். இரண்டாவது பகுதியில் அவனை உங்களைப் போல ஆக்க என்னிடம் வழி கேட்கிறீர்கள். இரண்டையும் ஒரே நாளில், ஒரே கடிதத்தில் எப்படி எழுதினீர்கள் அம்மா? எனக்குக் கோபம்கூட வந்தது.

மாற்கு நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரத்தையும் பத்தாம் அதிகாரத்தையும் கொஞ்ச நாளாகவே சேர்த்துச் சேர்த்து வாசித்துக்கொண்டிருக்கிறேன், உங்கள் கடிதம் சரியாக அந்த நேரத்தில் வந்தது. கப்பர்நாகூமுக்கு வரும் வழியில் சீடர்கள் தங்களுக்குள் யார் பெரியவர் என்று வாதாடுகிறார்கள். ஆண்டவர் தாம் கொல்லப்படப் போவதைச் சொல்லி முடித்த சூடு ஆறுவதற்குள் இந்த வாதம். அவர் ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு நடுவில் நிறுத்தி, அணைத்துக்கொண்டு பேசுகிறார். அடுத்த அதிகாரத்திலேயே, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வருகிற தாய்மார்களையும் தகப்பன்மார்களையும் அதே சீடர்கள் அதட்டி விரட்டுகிறார்கள். ஆண்டவர் கோபப்பட்டார் என்று மாற்கு வெளிப்படையாகவே எழுதுகிறார். கோபம் பிள்ளைகள் மேல் இல்லை, அவர்களை விரட்டியவர்கள் மேல். நம் பங்குகளில் ஞாயிறு பூசையில் ஒரு கைக்குழந்தை அழுதால் முன் வரிசையிலிருந்து எத்தனை தலை திரும்புகிறது, பார்த்திருக்கிறீர்கள்தானே? அந்தத் தாய் செருப்பைக்கூட மாட்டாமல் வெளியே ஓடுவதையும் பார்த்திருப்பீர்கள்.

அந்தக் “களங்கமில்லாத மனது” என்கிற பேச்சை தயவுசெய்து விட்டுவிடுங்கள். எட்டு வயதுப் பையன் பொய் சொல்வான், தங்கச்சியைக் கிள்ளுவான், வீட்டுப்பாடத்தை ஒளித்து வைப்பான். ஆண்டவர் அந்தப் பிள்ளையை நடுவில் நிறுத்தியபோது இது எவ்வளவு சுத்தமான பிள்ளை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தக் காலத்தில் சபையில் பிள்ளைக்கு இடம் கிடையாது, சொல்லுக்கு மதிப்புக் கிடையாது, சாப்பாடு முதற்கொண்டு எதற்கும் இன்னொருவர் கையைத்தான் பார்க்க வேண்டும். யார் பெரியவர் என்ற கேள்விக்குப் பதிலாக நின்றது அப்படிப்பட்ட ஒரு ஆள். கேட்பதைத் தவிர வேறு வழியில்லாத ஆள். அதனால் பிள்ளை கேட்கும், கிடைக்கவில்லை என்றால் ஏன் என்று கேட்கும், பதில் வருகிறவரை சேலையைப் பிடித்து இழுக்கும். நாம்தான் ஒரு வயதுக்கு மேல் கேட்பதை நிறுத்திவிட்டு, அதற்குப் பக்குவம் என்று பெயர் வைத்துக்கொள்கிறோம்.

என் ஆயாவைப் பற்றி, அப்பாவைப் பெற்றவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோலார் தங்கவயலில் மைன்ஸ் வேலை பார்த்த குடும்பம் எங்களுடையது. தாத்தா நுரையீரல் போய்ச் செத்தார், அங்கே தூசியை விழுங்கிய எத்தனையோ பேரைப் போல. அப்புறம் நாங்கள் பெங்களூர் வந்துவிட்டோம். சித்தப்பா மட்டும் வேலை தேடி பம்பாய்க்கு ரயில் ஏறினார், ஒன்றிரண்டு கடிதம் வந்தது, பிறகு ஒன்றுமே இல்லை. ஆயா வியாழக்கிழமை தவறாமல் விவேக்நகர் குழந்தை இயேசு கோவிலுக்குப் போகும், என்னையும் இழுத்துக்கொண்டு. அந்தக் கோவில் 1971இல் தொடங்கியது, நான் சொல்வது எழுபதுகளின் கடைசி. கூட்டம் இடிக்கும், மெழுகுவர்த்திச் சூடு முகத்தில் அடிக்கும், எல்லோரும் கைகூப்பி முணுமுணுத்துக்கொண்டிருக்க, ஆயா மட்டும் சுரூபத்தைப் பார்த்துச் சத்தமாகச் சண்டை போடும். “ஏன்டா ராசா, காது கேக்கலையா உனக்கு? எம்புள்ள எங்கடா? வாரா வாரம் வந்து நிக்கறனே, கால் வலிக்குதுடா எனக்கு.” பேரனைத் திட்டுகிற அதே குரல். ஒருநாள் பக்கத்தில் நின்ற ஒரு அம்மா, சாமிகிட்ட இப்படியா பேசுவது என்று கண்டித்தார். ஆயா திரும்பிப் பார்த்து, “எம்புள்ளைய வேற யாருகிட்ட கேப்பேன், உங்கிட்டயா?” என்றது. நான் கூசிப்போய் நின்றேன்.

சித்தப்பா வரவில்லை. ஆயா சாகிறவரை வரவில்லை. ஆயாவும் போவதை நிறுத்தவில்லை, திட்டுவதையும் நிறுத்தவில்லை. அப்பாவுக்கு அதில் ரொம்ப வெட்கம். ஆனால் எங்கள் வீட்டில் கடவுள் உண்டு என்று உண்மையாகவே நம்பி நடந்த ஒரே ஆள் ஆயாதான் என்று இப்போது நினைக்கிறேன். கேட்க ஆள் இருக்கிறார் என்று தெரிந்தவர்தானே திட்டுவார்.

உங்கள் மகன் கேட்டதும் அதுதான். தாத்தாவுக்காக அவன் தினமும் கேட்டான். நீங்களும் கேட்டிருப்பீர்கள், ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று கேட்டிருப்பீர்கள். கிடைக்கவில்லை. நீங்கள் சடங்கெல்லாம் ஒழுங்காகச் செய்துவிட்டு வாயை மூடிக்கொண்டீர்கள், ஜெபம் நின்றுவிட்டது. அவன் மூடவில்லை. உங்களுக்குள் ஒரு வருடமாக அடைத்துக்கொண்டு கிடக்கிற கேள்வியை அவன் பீடத்துப் பக்கத்தில் போய்ச் சொல்லியிருக்கிறான், நீங்கள் மானம் போச்சு என்கிறீர்கள். இதே கேள்வியைச் சிலுவையில் ஆண்டவரே சத்தமாகக் கத்தினார், “என் இறைவா, என் இறைவா, ஏன் என்னைக் கைவிட்டீர்?” என்று. ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வாரத்தில் ஒவ்வொரு வருடமும் அதை வாசிக்கக் கேட்கிறோம், முழங்காலில் நிற்கிறோம். ஒரு பையன் தன் சொந்த வார்த்தையில் கேட்டால் மட்டும் ஏன் நமக்கு உடம்பு பதறுகிறது?

குழந்தையைப் போலக் கடவுளை நம்புகிற ‘குழந்தை வழி’ என்றாலே தெரேசாவைத்தான் சொல்வார்கள், ரோஜாப் பூவோடு படம் போட்டு. 1897இல் காசநோயில் இறந்தபோது அவருக்கு 24 வயது. அதற்கு முந்தைய வருடம் ஈஸ்டர் சமயத்திலிருந்தே அவருக்குள் ஒரே இருட்டு, விண்ணகம் என்று ஒன்று இருக்கிறதா என்றே மனது கேட்டுக்கொண்டிருந்தது. அந்த இருட்டோடுதான் அவர் கடைசிவரை ஆண்டவரோடு பேசினார், 1997இல் திருச்சபை அவரை மறைவல்லுநர், அதாவது விசுவாசத்தைக் கற்றுத்தருகிற பெரிய ஆசிரியர்களில் ஒருவர், என்று அறிவித்தது. ஜெபம் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

புதுநன்மை பற்றி இவ்வளவு யோசிக்காதீர்கள். முன்பெல்லாம் பல நாடுகளில் பத்து, பன்னிரண்டு வயது வரை பிள்ளைகளைக் காக்க வைத்தார்கள். 1910இல் திருத்தந்தை பத்தாம் பத்திநாதர்தான் விவரம் தெரிகிற வயது போதும், ஏறக்குறைய ஏழு என்று கொண்டுவந்தார். தன் வயதுக்கு ஏற்ற அளவில் நற்கருணைக்கும் சாதாரண அப்பத்துக்கும் வித்தியாசம் தெரிந்தால் சரி. தாத்தாவுக்காக ஒரு வருடத்துக்குப் பிறகும் ஆண்டவரிடம் நியாயம் கேட்கிற பையனுக்கு விவரம் தெரியவில்லை என்று யார் சொல்வது?

ஃபாதர் என்ன பதில் சொன்னார் என்று நீங்கள் எழுதவேயில்லை, வெட்கத்தில் கவனித்திருக்க மாட்டீர்கள். அவரிடம் மன்னிப்புக் கேட்கப் போக வேண்டாம். பையனிடம் இனிமேல் அப்படிக் கேட்காதே என்று ஏற்கெனவே சொல்லியிருந்தால், அதை இன்றைக்கே திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். தாத்தா இப்போது சம்மனசாக, வானதூதராக ஆகிவிட்டார், அங்கிருந்து பார்க்கிறார் என்றெல்லாம் சர்க்கரை தடவிச் சொல்லாதீர்கள். எனக்கும் தெரியலடா, நானும் கேட்டேன் என்று சொல்லுங்கள், அது உண்மைதானே.

இன்று ராத்திரி ஜெபமாலை வேண்டாம். பைபிளில் பதின்மூன்றாம் திருப்பாடலை எடுத்து அவனையே வாசிக்கச் சொல்லுங்கள். ஆறே வசனம்தான், எவ்வளவு காலம் என்னை மறந்திருப்பீர் என்று கடவுளிடம் கேட்டபடிதான் ஆரம்பிக்கிறது. அவன் நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்பான், கேட்கட்டும். நீங்களும் அப்பாவைப் பற்றி ஒரு கேள்வி கேளுங்கள், அவன் காதில் விழும்படி. அவன் என்ன சொன்னான் என்று எனக்கு எழுதுங்கள்.